பேராலயமும் சுரங்கமும்: டர்ஹாம் கவுண்டியின் ஒரே வரலாறு

இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள டர்ஹாம் கவுண்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பேராலயத்தில் தொடங்கிப் பேராலயத்திலேயே முடித்துவிடுகிறார்கள். வியர் ஆறு மூன்று புறமும் வளைந்து ஓடும் பாறைக் குன்றின்மேல் அந்தக் கட்டடம் நிற்கும் நிலையைப் பார்த்தவர்கள் யாரும் அவர்களைக் குறை சொல்ல மாட்டார்கள். 1093இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1133க்குள் பெரும்பகுதி கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பேராலயத்தையும் அதற்கு எதிரே உள்ள கோட்டையையும் 1986இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதே கவுண்டியில் நூறாண்டுகளுக்கும் மேலாக நிலத்தடியில் உழைத்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் ஊர்களும் அந்த வரலாற்றின் சரிபாதிதான் என்பதும், அந்தப் பாதிக்கு இன்னும் உரிய மதிப்புக் கிடைக்கவில்லை என்பதும் என் உறுதியான கருத்து.

முதலில் பேராலயத்தைப் பற்றியே சொல்கிறேன். லிண்டிஸ்ஃபார்ன் தீவின் ஆயராக இருந்து 687இல் மறைந்த புனித கத்பர்ட்டின் உடலை, வைக்கிங் தாக்குதல்களுக்கு அஞ்சித் துறவிகள் 875இல் தீவிலிருந்து எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். தலைமுறைகள் கடந்து, 995இல்தான் அது இந்தக் குன்றுக்கு வந்து சேர்ந்தது. ஆங்கில மக்களின் திருச்சபை வரலாற்றை எழுதிய பீட் என்ற துறவியின் கல்லறையும் இதே கூரையின் கீழ்தான் இருக்கிறது. நடுக்கூடத்தின் பருத்த தூண்களில் சுருள், சாய்சதுரம், மடிந்து மடிந்து செல்லும் கோடு என்று ஒவ்வொரு வகைக்கும் ஒரு செதுக்கு வேலை உண்டு. மேலே கல் விலா எலும்புகள் போலக் குறுக்கே ஓடும் கூரை, ஐரோப்பியக் கட்டடக் கலையில் அந்த முறையின் மிகப் பழைய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று.

என்னை அதிகம் கவர்ந்தது கிழக்குக் கோடியில் உள்ள ஒன்பது பீடங்களின் சிற்றாலயத்தில் நிற்கும் மெல்லிய கருந்தூண்கள். அவை ஃபிராஸ்டர்லி என்ற சிற்றூரின் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. மெருகேற்றிய அந்தக் கறுப்பின்மேல் முகத்தை நெருங்க வைத்துப் பார்த்தால், வெண்ணிறத்தில் சிறு கொம்புகள் போலவும் வளையங்கள் போலவும் பவளப் புதைபடிவங்கள் தெரியும். முப்பது கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் இந்த நிலப்பகுதி வெதுவெதுப்பான ஆழமற்ற கடலுக்கடியில் கிடந்தபோது வாழ்ந்த உயிர்களின் எச்சம் அது. அந்தக் கடல் விலகிச் சதுப்புக் காடுகள் வளர்ந்து மடிந்த காலத்தில்தான் டர்ஹாமின் நிலக்கரி உருவானது. பேராலயத்தின் அழகிய தூணும் சுரங்கத்தின் கரியும் ஒரே நிலவியல் யுகத்தின் அடுத்தடுத்த அடுக்குகள்.

உறவு பாறையோடு நிற்கவில்லை. டர்ஹாமின் ஆயர்கள் சாதாரண ஆயர்கள் அல்லர். ஸ்காட்லாந்து எல்லைக்கு அரணாக இருந்த இந்தப் பகுதியில் நாணயம் அச்சிடவும், நீதிமன்றம் நடத்தவும், படை திரட்டவும் அவர்களுக்கு அரசர்களுக்கு நிகரான அதிகாரம் இருந்தது. அந்தத் தனியதிகாரத்தில் எஞ்சியிருந்தது 1836இல்தான் முற்றாக நீக்கப்பட்டது. அவர்களுடைய நிலங்களுக்கு அடியில் கரி இருந்தது. அதைத் தோண்டியவர்கள் திருச்சபைக்கு உரிமைத்தொகை செலுத்தினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பென்னிமூர் அருகே திறக்கப்பட்ட ஒரு பெரிய சுரங்கத்துக்குப் பேராலய நிர்வாகக் குழுவின் பெயரையே, ‘டீன் அண்ட் சாப்டர் சுரங்கம்’ என்று வைத்தார்கள். பேராலயத்தையும் சுரங்கத்தையும் இரண்டு தனிக் கதைகளாகச் சொல்பவர்களிடம் இந்தப் பெயரை நினைவூட்டவே நான் விரும்புகிறேன்.

ரயிலும் இந்தக் கரியிலிருந்து பிறந்ததுதான். 1825 செப்டம்பர் 27 அன்று ஷில்டனிலிருந்து டார்லிங்டன் வழியாக ஸ்டாக்டன் வரை ‘லோகோமோஷன்’ என்ற நீராவி எஞ்சின் இழுத்துச் சென்ற வண்டிகளில் மக்களோடு கரியும் இருந்தது. உள்நாட்டுக் கரியை ஆற்றுத் துறைக்குக் கொண்டு சேர்க்கவே அந்தப் பாதை போடப்பட்டது.

முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் டர்ஹாம் சுரங்கங்களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். சுரங்கம் தோண்டிய இடத்தில் ஊர் முளைத்தது. கடலோரத்தில் உள்ள ஈசிங்டன் காலியரி (‘காலியரி’ என்றால் நிலக்கரிச் சுரங்கம்) என்ற ஊரில் தெருக்களுக்குப் பெயர் வைக்க யாருக்கும் பொறுமை இல்லாமல் போனதோ என்னவோ, ஒரு பக்கத்துத் தெருப் பெயர்கள் எல்லாம் ஆங்கில அகரவரிசையின் முதல் எழுத்திலும், மறுபக்கத்துப் பெயர்கள் இரண்டாம் எழுத்திலும் தொடங்கும். அந்த ஊரில் 1951 மே 29 அதிகாலையில், கரி வெட்டும் இயந்திரத்தின் பற்கள் பைரைட் என்ற கல்லில் உரசித் தெறித்த பொறி, தேங்கியிருந்த மீத்தேன் வாயுவைப் பற்றவைத்தது. தீ கரித்தூளில் பரவிப் பெருவெடிப்பானது. 81 தொழிலாளர்களும் அவர்களை மீட்கச் சென்ற இருவரும், ஆக 83 பேர் உயிரிழந்தார்கள்.

அதே 1951ஆம் ஆண்டில்தான் கவுண்டி நிர்வாகம் தன் வளர்ச்சித் திட்டத்தில் ஊர்களை நான்கு வகையாகப் பிரித்து, நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களை ‘டி’ வகையில் சேர்த்தது. சுரங்கம் தீர்ந்த அல்லது தீரப்போகும் அந்த ஊர்களில் இனிப் புது வீடு கட்டக் கூடாது, முதலீடு கூடாது, குடியிருப்பவர்கள் படிப்படியாகப் பீட்டர்லீ போன்ற புதிய நகரங்களுக்குப் போய்விட வேண்டும் என்பது திட்டம். இதைச் செய்தது தொழிலாளர்களுக்குப் பகையான நிர்வாகம் அன்று. 1919இல் நாட்டிலேயே முதன்முதலாகத் தொழிற்கட்சி கைப்பற்றிய கவுண்டி மன்றம் டர்ஹாம்தான். அவர்கள் நல்ல வீடும் நல்ல வேலையும் தரவே நினைத்தார்கள் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் ஓர் ஊர் என்பது வீடுகளின் தொகை மட்டும் அன்று என்பதை அந்தத் திட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. மக்கள் எதிர்த்தார்கள், பல ஊர்கள் தாக்குப்பிடித்தன, 1970களில் கொள்கை கைவிடப்பட்டது. அதற்குள் எத்தனையோ வீட்டு வரிசைகள் இடிக்கப்பட்டுவிட்டன.

ஈசிங்டன் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. கடற்கரையில் பல பத்தாண்டுகளாகக் கொட்டப்பட்ட சுரங்கக் கழிவை 1997க்கும் 2002க்கும் இடையே பெருஞ்செலவில் அகற்றினார்கள். இன்று அங்கே காட்டுப் பூக்கள் பூக்கும் புல்வெளியில் நடக்கலாம். அந்தத் துப்புரவு தேவையானது, நல்லது. ஆனால் கழிவோடு சேர்த்துச் சுரங்கக் கோபுரங்களையும் கட்டடங்களையும் அவ்வளவு அவசரமாகத் தரைமட்டமாக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆட்களை இறக்கி ஏற்றிய கூண்டு ஒன்று மட்டும் அந்த மேட்டில் நினைவுச் சின்னமாக நிற்கிறது.

கல்லை இடிக்க முடிந்தவர்களால் இடிக்க முடியாமல் போனது பதாகைகளைத்தான். டர்ஹாம் சுரங்கத் தொழிலாளர் சங்கம் 1869இல் தொடங்கியது. 1871இல் முதல் பெருவிழா நடந்தது. இன்றும் ஜூலை மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, ஒவ்வோர் ஊரும் தன் பேண்டு வாத்தியத்தோடு, இரண்டு கம்புகளுக்கு நடுவே காற்றில் புடைக்கும் ஆளுயரத்துக்கும் மேற்பட்ட பட்டுப் பதாகையைத் தூக்கிக்கொண்டு டர்ஹாம் நகரின் குறுகிய தெருக்கள் வழியாக ஆற்றோரத் திடலுக்கு வருகிறது. சுரங்கத்தில் அந்த ஆண்டு யாராவது இறந்திருந்தால் பதாகையில் கறுப்புத் துணி சுற்றுவது வழக்கம். பிற்பகலில் புதிய பதாகைகள் பேராலயத்துக்குள் கொண்டுசெல்லப்பட்டு ஆசி பெறுகின்றன.

அந்த வாசலும் எப்போதும் இணக்கமாகத் திறந்திருந்ததில்லை. 1892இன் நீண்ட வேலைநிறுத்தத்தை ஆயர் வெஸ்ட்காட் தன் மாளிகையிலேயே இரு தரப்பையும் அமரவைத்துப் பேசி முடித்துவைத்தார். 1925 விழாவிலோ, தொழிலாளர்களைக் கடுமையாக விமர்சித்த ஆயர் ஹென்சன் என்று தவறாக எண்ணிப் பேராலயத் தலைவர் வெல்டனைக் கூட்டம் ஆற்றில் தள்ளப் பார்த்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மையான வரலாறு. 1947இல் பேராலயத்துக்குள்ளேயே சுரங்கத்தில் மாண்டவர்களுக்கு ஒரு நினைவிடம் அமைக்கப்பட்டது. அருகில் ஒரு சுரங்க விளக்கு தொங்குகிறது. பேராலயத்தைப் பார்க்க வருபவர்கள் பலர் அதைக் கவனிக்காமல் கடந்து போவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது.

பீமிஷ் திறந்தவெளி அருங்காட்சியகம் தொழிலாளர் வீட்டு வரிசை ஒன்றை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்துக் காத்துவருகிறது. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆயினும் ஊர்களை அருங்காட்சியகத்துக்குள் மட்டும் வைத்துப் போற்றினால் போதாது. சுரங்கமே இல்லாத ஊர்களில், சுரங்கத்தைப் பார்த்தே இராத இளையவர்கள் பணம் திரட்டிப் பழைய பதாகையின் படியைப் புதிதாகச் செய்விக்கிறார்கள். பட்டு நைந்துபோகும், சாயம் மங்கும், பழுதுபார்க்கத் தேர்ந்த கைகள் வேண்டும். தொழிலாளர் நல மன்றங்களுக்குக் கூரை ஒழுகுகிறது. பேராலயத்தின் கற்களுக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கையாவது அரசும் பாரம்பரிய நிதியங்களும் இவற்றுக்கு ஆண்டுதோறும், நிலையாக ஒதுக்க வேண்டும். விழா நடக்கும் அந்தச் சனிக்கிழமையன்று டர்ஹாம் செல்ல வாய்ப்புக் கிடைப்பவர்கள் காலையில் ஊர்வலத்தையும் பிற்பகலில் பேராலய வழிபாட்டையும் பாருங்கள், மறுநாள் ஈசிங்டனுக்கும் போய் வாருங்கள்.