குறிச்சீட்டு எழுதியவர்களுக்கு

விலங்கியலில் என்னை முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக வாய்மொழித் தேர்வின் முடிவில் அறிவித்தபோது, என் வண்டுப் பெட்டிகள்தான் நினைவுக்கு வந்தன. ஆறு ஆண்டுகள் சேர்த்த சாணவண்டுகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிறு குறிச்சீட்டு: எங்கே, எந்த நாளில், எந்த விலங்கின் சாணத்தில், யார் பிடித்தது.

முதல் ஆண்டில் நாள் எழுதாமல் விட்ட ஒரு குப்பி வண்டுகளை என் நெறியாளர் அப்படியே ஒதுக்கிவைத்துவிட்டார். அன்று அழுதேன். இன்று அவருக்கு நான் சொல்லும் முதல் நன்றி அந்த நாளுக்குத்தான்.

நெருங்கிய இரண்டு இனங்களைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாதபோது, ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைத் தனியே எடுத்து நுண்ணோக்கியில் ஒப்பிடுவோம். அதிலும் தெளியாத ஒரு வண்டோடு நான் மாதக்கணக்கில் போராடினேன். அருங்காட்சியகத்தில், நான் பிறப்பதற்கு முன்பே யாரோ பிடித்து ஊசி குத்திவைத்திருந்த வண்டு ஒன்றுதான் விடை சொன்னது. மங்கிய மையில் இடமும் நாளும் இருந்தன. எழுதியவர் யாரென்று தெரியாது. அவர் கடன் என்மேல் இருக்கிறது.

"மரபணு வரிசை பார்க்கிற காலத்தில் இன்னும் வண்டுக்குப் பெயர் தேடுகிறாயா?" என்று பலர் கேட்டார்கள். அந்த வரிசையையும் சரியாக இனங்கண்ட ஓர் உடலோடுதானே பொருத்த வேண்டும்? பெயர் பிழையானால் வரிசையும் அந்தப் பிழையையே சுமக்கும். உயிரினங்களை இனம்பிரித்துப் பெயரிடும் வகைப்பாட்டியலைப் பழங்கலை என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

1788இல் ஆஸ்திரேலியாவில் குடியேறியவர்களோடு மாடுகளும் போயின. அங்கிருந்த வண்டுகள் பெரும்பாலும் கங்காரு போன்றவற்றின் உலர்ந்த புழுக்கைக்குப் பழகியவை. ஈரமான மாட்டுச் சாணத்தை அவை பெரும்பாலும் புதைக்கவில்லை; அது மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது, ஈக்கள் பெருகின. பூச்சியியலாளர் ஜார்ஜ் போர்னமிஸ்ஸாவின் முயற்சியால், 1960களின் பிற்பகுதியிலிருந்து வெளிநாட்டுச் சாணவண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். எந்தத் தட்பவெப்பத்துக்கு எந்த இனம் என்று தேர்ந்தெடுக்க, அவற்றைப் பிரித்தறிந்து பெயரிட்டவர்கள் முன்பே இருந்திருக்க வேண்டும் அல்லவா?

வண்டுகள் விழுவதற்காக மண்ணில் புதைத்த குழிப்பொறிகளை விடியுமுன் பார்க்க என்னோடு நடந்த ஆய்வக உதவியாளருக்கும், எப்போது முடிப்பாய் என்று ஒருமுறைகூடக் கேட்காத அம்மாவுக்கும் ஆய்வேட்டில் நன்றி எழுதியிருக்கிறேன். என் கையால் இறந்த வண்டுகளுக்கு அதில் ஒரு வரி இல்லை. அது இன்னும் உறுத்துகிறது. அவற்றின் உயிருக்கு ஈடாக என்னால் தர முடிந்தது பிழையில்லாத குறிப்பு மட்டுமே.

அடுத்த வாரம் பெட்டிகளை அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கிறேன். இன்று காலையிலிருந்து ஒவ்வொரு சீட்டாக மறுபடி சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.