‘பரவாயில்லை’ என்ற பதிலை நம்பாதீர்கள்

கொரோனா வந்து ஒருவர் வீட்டில் தனியாகப் படுத்திருக்கிறார் என்று தெரிந்ததும் சாப்பாடு கொண்டுபோய் வைக்கிறோம். நல்ல காரியம். கழுவித் திருப்பித் தர வேண்டிய பாத்திரத்தில் மட்டும் வைக்காதீர்கள், காய்ச்சலோடு நின்று தேய்ப்பது பெரிய பாடு. ஆனால் சாப்பாட்டைவிட முக்கியமான உதவி என்று நான் நினைப்பது, நாளுக்கு இரண்டு முறை குறித்த நேரத்தில் செய்யும் போன்.

“எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் “பரவாயில்லை” என்றுதான் பதில் வரும். அடுத்தவருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று நினைக்கிறவர் உடம்பு மோசமானாலும் அதையேதான் சொல்வார். போதாததற்கு, இந்த நோயில் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியும் சிலருக்கு மூச்சுமுட்டுவதே தெரியாது. அதனால் எண்ணைக் கேளுங்கள். காய்ச்சல் எத்தனை, ஆக்சிஜன் எத்தனை, காலையிலிருந்து எத்தனை டம்ளர் தண்ணீர், கடைசியாக எப்போது சிறுநீர் போனது. நேரத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். மருத்துவரிடம் பேசும்போது அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

விரலில் மாட்டி ஆக்சிஜன் அளக்கும் ஆக்சிமீட்டரில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். திரையில் இரண்டு எண் வரும், ஒன்று ஆக்சிஜன், மற்றது நாடித்துடிப்பு. 82 என்ற நாடியை ஆக்சிஜன் என்று படித்துப் பதறுகிறவர்கள் உண்டு. 98 என்ற நாடியைப் பார்த்து நிம்மதியாகப் படுத்துவிடுகிறவர்களும் உண்டு, ஆபத்து அங்கேதான். நகப்பூச்சை அழித்து, விரல் சில்லென்றிருந்தால் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு மாட்டச் சொல்லுங்கள். எண் நிலைக்கும்வரை கை அசையக்கூடாது. முதலில் மின்னும் எண் கணக்கில் சேராது. கருத்த தோலில் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம் என்பதால், நேற்று 98, இன்று 95 என்றால் அந்த இறக்கத்தையும் கவனியுங்கள். 94க்குக் கீழே போனால் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். 90ஐத் தொட்டால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. எண் நன்றாக இருந்தாலும், ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் மூச்சு வாங்கினாலோ பேச்சு குழறினாலோ நெஞ்சு வலித்தாலோ அதுவும் அவசரம்தான்.

அறிகுறி தொடங்கிய நாளை ஒன்று என்று எண்ணுங்கள். காய்ச்சல் விட்டதும் போனை நிறுத்திவிடுகிறோம். ஆனால் உடம்பு மோசமாகிறவர்களில் பலருக்கு நிலைமை கைமீறுவது ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில்தான்.

அன்பாகச் செய்து கெடுதலில் முடிவது ஒன்று உண்டு: நமக்குக் குணம் தந்த மருந்துச்சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து உயிர் காக்கும் என்று 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு சொன்னது ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளுக்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை. சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டு சர்க்கரையை எகிறவைக்கும்.

தனியாக இருப்பவரிடம் முதல் நாளே பேசி முடிவு செய்ய வேண்டியது இன்னொன்று. இரண்டு முறை அடித்தும் போனை எடுக்காவிட்டால் யார் நேரில் போவது, மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது? உள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கினால் அந்தச் சாவியாலும் பயனில்லை, அதையும் சொல்லிவிடுங்கள்.