குடும்பப்பெயர் இல்லாதவனுக்கு நூடுல்ஸ் கிடையாது

"உங்கள் பாதுகாப்பைக் கருதி இந்தச் சேவை தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது."

என் பாதுகாப்பாம்! ஐம்பது பாட் மீன் உருண்டை நூடுல்ஸைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, தள்ளுவண்டியில் தொங்குகிற கியூஆர் அட்டையை ஸ்கேன் பண்ணி, தொகையைப் போட்டு, விரலை வைத்தால் இது வருகிறது. பின்னால் மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்காரர்கள் ஆரஞ்சு அங்கியோடு என் ஸ்டூல் எப்போது காலியாகும் என்று நிற்கிறார்கள். சட்டைப்பையில் ஒற்றை நோட்டு இல்லை. பாங்காக்கில் இப்போது யார் நோட்டு வைத்துக்கொள்கிறார்கள்? 2017-ல் கியூஆர் வந்ததோடு சில்லறை பிடித்த கை எல்லாம் போன் பிடித்துவிட்டது. புத்தர் கோயில் உண்டியலிலேயே கியூஆர் ஒட்டியிருக்கிறார்கள்.

கடைக்கார அம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். "மை பென் ராய் (பரவாயில்லை), நாளைக்குக் கொடு" என்று கையை ஆட்டிவிட்டு அடுத்த கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டார். அவருக்கு என் பேர் தெரியாது, வேலை தெரியாது, எந்த சந்தில் இருக்கிறேன் என்றுகூடத் தெரியாது. ஐம்பது பாட்டுக்கு நம்பினார். என் பாஸ்போர்ட், வேலை அனுமதி, கட்டைவிரல் ரேகை, கண் சிமிட்டும் வீடியோ வரை வாங்கி வைத்திருக்கிற வங்கிக்கு நான் யார் என்று திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது.

என்ன குற்றம் என்றால், வங்கியில் இருக்கிற பேரும் சிம் கார்டில் இருக்கிற பேரும் பொருந்தவில்லையாம். மோசடிக்காரர்கள் வாடகைக் கணக்கு வைத்துப் பணத்தை ஓட்டுகிறார்கள், அதனால் கணக்கு யார் பேரிலோ சிம்மும் அவர் பேரில்தான் இருக்க வேண்டும் என்று 2025-ல் கறாராக்கினார்கள். நல்ல விஷயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் பொருந்துகிறதா என்று பார்ப்பது மனிதன் இல்லையே, கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்குத் தமிழன் பேர் கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்பா வைத்த பேர் முத்துக்குமரன். அப்பா பேர் சுப்பிரமணியன். ஊரில் எஸ். முத்துக்குமரன் என்று போட்டு நாற்பது வருஷம் நிம்மதியாக ஓட்டியாயிற்று. பாஸ்போர்ட் எடுக்கும்போது இரண்டையும் சேர்த்து ஒரே கட்டத்தில் போட்டு, குடும்பப்பெயர் கட்டத்தை வெறுமையாக விட்டார்கள். அந்த வெற்றுக் கட்டத்தின் ஆழம் விமானம் ஏறிய பிறகுதான் தெரிகிறது. வங்கிக்காரர் இரண்டு பேரையும் முதல் பேராகப் போட்டு, குடும்பப்பெயர் இடத்தில் ஒரு சிறு கோடு போட்டார். போன் கடைப் பையன் முத்துக்குமரனை முதலிலும் சுப்பிரமணியனைக் கடைசியிலும் போட்டான். வேலை அனுமதியில் தாய் எழுத்தில் என்ன எழுதியிருக்கிறதோ, அதை வாசித்துக் காட்டச் சொன்னால் ஆளுக்கு ஒரு மாதிரி வாசிக்கிறார்கள். கம்ப்யூட்டர் கணக்குப்படி நாங்கள் ஒரு கும்பல். நானே என் பினாமி.

சரி, கிளைக்குப் போனேன். ஷாப்பிங் மாலின் மேல்மாடி, ஐஸ் பெட்டிக் குளிர். கதவைத் திறந்த காவலாளி கும்பிட்டார். டோக்கன் கொடுத்த பெண் கும்பிட்டார். என் முறை வந்ததும் கவுண்டரில் இருந்த பெண்ணும் கும்பிட்டார். நான் வீட்டிலிருந்து பயிற்சி செய்துகொண்டு வந்த கோபம் அங்கேயே பாதி போயிற்று. இதுதான் இந்த நாட்டின் சூட்சுமம். நம்மூர் வங்கியில் "லஞ்ச் முடிஞ்சு வாங்க" என்று முகத்தைத் திருப்பினால் நாமும் நாலு வார்த்தை பேசிவிட்டு வரலாம். இங்கே சிரித்துக்கொண்டே கழுத்தில் துண்டைப் போடுகிறார்கள், நாமும் சிரித்துக்கொண்டே தலையை நீட்டுகிறோம். குரலை உயர்த்தினால் முடிந்தது கதை. கத்தியவன் தோற்றவன் என்பது இங்கே எழுதப்படாத சட்டம்.

அந்தப் பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். திரையைப் பார்த்தார். மறுபடி பாஸ்போர்ட். "குன் சுப்பிரமணியன்?" என்றார். குன் என்றால் இங்கே திரு மாதிரி. அது என் அப்பா என்றேன். "அப்பா வந்திருக்கிறாரா?" என்றார். இல்லை, அவர் தேனியில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார் என்றேன். அப்படியானால் அவர் பேர் ஏன் உங்கள் பாஸ்போர்ட்டில் இருக்கிறது என்றார். நியாயமான கேள்வி. ஐந்தாம் வகுப்பிலிருந்து பதில் தெரிந்த கேள்வி. அரைகுறைத் தாய் மொழியில் அதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும். பக்கத்துக் கவுண்டர் பெண் எட்டிப் பார்த்தார். இருவரும் மூன்றாவதாக ஒருவரைக் கூப்பிட்டார்கள். மூவரும் என் வெற்றுக் கட்டத்தை எக்ஸ்ரே மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். "ரோ சக் குரூ நா கா" என்றார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று. அந்தக் கொஞ்சத்தில் எனக்கு முன்னால் ஒரு பாட்டி வந்து, பாஸ்புக்கில் பதிவு போட்டு, பேரனைப் பற்றிப் பேசி, கிளம்பியே போய்விட்டார்.

அப்புறம் நகல்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசா பக்கம், கடைசியாக முத்திரை குத்திய பக்கம், வேலை அனுமதி. ஒவ்வொரு நகலிலும் 'உண்மை நகல்' என்று எழுதிக் கையெழுத்து. நீல மையில்தான் போட வேண்டும், கறுப்பில் போட்டால் அதுவே நகல் மாதிரி தெரியுமாம். குறுக்கே இரண்டு கோடு கிழித்து, இன்ன காரியத்துக்கு மட்டும் என்றும் எழுத வேண்டும், யாராவது திருடிப் பயன்படுத்திவிடுவார்களே என்று. போட்டேன். கையெழுத்து பழைய கையெழுத்து மாதிரி இல்லை என்றார்கள். அந்தக் குளிரில் கை நடுங்கினால் எப்படியம்மா இருக்கும்?

கடைசியில் தீர்ப்பு: எங்களிடம் இருப்பது சரி, போன் கடையில் மாற்றிக்கொண்டு வாருங்கள். கீழ்த்தளத்தில் போன் கடை. அங்கேயும் கும்பிடு. அங்கேயும் டோக்கன். அந்தப் பையன் வங்கியைப் போலவே குடும்பப்பெயர் இடத்தில் கோடு போட்டுப் பார்த்தான். எங்கள் சிஸ்டம் கோட்டை ஏற்காது, எழுத்துதான் வேண்டும் என்றான். வங்கியில் மாற்றிக்கொண்டு வாருங்கள். மேலே போனால், எங்கள் சிஸ்டம் பாஸ்போர்ட்டில் இல்லாத குடும்பப்பெயரை ஏற்காது. கீழே போனால், கோடு கிடையாது. அந்த மாலின் நகரும் படிக்கட்டுக்கே என் பேர் மனப்பாடம் ஆகியிருக்கும்.

எனக்கு ரத்தம் கொதிக்கிற இடம் எது என்றால், குடும்பப்பெயர் கேட்பது யார் என்பதுதான். இந்த நாட்டில் யாராவது யாரையாவது குடும்பப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? 1913-ல் சட்டம் போட்டுத்தான் இங்கே குடும்பப்பெயரே கட்டாயமானது. அதுவும் சொந்தமில்லாத இன்னொரு குடும்பத்தின் பேரை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால் ஒவ்வொன்றும் ரயில் நீளத்துக்கு இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. பிரதமர் ஆனவர்களையே பத்திரிகையில் தக்சின் என்றுதான் போடுகிறார்கள், பேதோங்தான் என்றுதான் போடுகிறார்கள், அனுதின் என்றுதான் போடுகிறார்கள். பேதோங்தான் அம்மாவுக்கு உங் இங் என்று செல்லப்பேர், அனுதினுக்கு நூ என்று செல்லப்பேர். பிரதமரையே வீட்டுப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற நாட்டில், நூடுல்ஸ் வாங்க எனக்குக் குடும்பப்பெயர் வேண்டுமாம்.

பிரதமர் என்றதும் ஞாபகம் வருகிறது. 2025 ஆகஸ்ட் 29 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் பேதோங்தானைப் பதவியிலிருந்து நீக்கியது. கம்போடியாவின் முன்னாள் பிரதமர் ஹுன் சென்னோடு பேசிய போன் பேச்சு கசிந்த விவகாரம். செப்டம்பர் 5-ம் தேதி நாடாளுமன்றம் கூடி அனுதினைத் தேர்ந்தெடுத்துவிட்டது. ஒரே வாரம். அதற்கு முந்தின வருஷம் அப்போதைய பிரதமர் சிரேத்தாவையும் இதே நீதிமன்றம்தான் அனுப்பி வைத்தது. ஒரு நாட்டின் பிரதமர் பேரை ஒரு வாரத்தில் மாற்ற முடிகிறது. கணக்கில் ஒரு சிறு கோட்டை எடுக்க முடியவில்லை.

இதிலே நான் மட்டும் தனி ஆள் இல்லை என்பதுதான் ஆறுதல். அதே செப்டம்பரில் இந்த ஊர் வியாபாரிகள் பட்ட பாடு ஞாபகம் இருக்கும். மோசடிப் பணம் கைமாறிக் கைமாறி எங்கேயோ பப்பாளி சாலட் கடைக்கும் வந்திருக்கிறது. சாலட் விற்ற பாவத்துக்குக் கணக்கு முடங்கியது. பயந்துபோன கடைக்காரர்கள் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு 'பணம் மட்டும்' என்று அட்டைப்பெட்டிக் கிழிசலில் எழுதித் தொங்கவிட்டார்கள். ஊரே கூச்சல் போட்ட பிறகு, முழுக் கணக்கையும் முடக்க மாட்டோம், சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்தி வைப்போம் என்று அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். அது ஏன் முதலிலேயே தோன்றவில்லை?

மோசடிக்காரன் என்ன ஆனான்? எல்லைக்கு அந்தப் பக்கம் மியான்மரின் மியாவடி ஊரில் கட்டடம் கட்டி உட்கார்ந்திருக்கிறான். 2025 பிப்ரவரியில் தாய்லாந்து அந்தப் பக்கத்துக்கு மின்சாரத்தையே வெட்டியது. இருட்டில் உட்கார்ந்து திருந்திவிடுவான் என்று நினைத்தார்களோ என்னவோ. ஜெனரேட்டர் போட்டுக்கொண்டான். டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பி பாங்காக்கில் வந்து இறங்கி, அங்கே கொண்டுபோய் அடைக்கப்பட்ட நம்ம ஊர்ப் பிள்ளைகளை நம் அரசு விமானப்படை விமானம் அனுப்பி அழைத்துவர வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் என் கோபம் எல்லாம் ஒன்றுமே இல்லை. அது வேறு. என் கோபத்துக்கு வருகிறேன்.

படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன், போன் அடிக்கிறது. ஒரு ஆண் குரல், சுத்தமான ஆங்கிலம். "மிஸ்டர் முத்துக்குமரன் சுப்பிரமணியன்?" ஒரு எழுத்துப் பிசகில்லை. ழகரம் இருந்திருந்தால் அதையும் சரியாகச் சொல்லியிருப்பான். என் பேரில் ஒரு பார்சலில் சட்டவிரோதப் பொருள் சிக்கியிருக்கிறதாம், போலீஸ் தேடுகிறதாம். எனக்குக் கோபமே வரவில்லை, சாமி சத்தியமாக. இந்த ஊரில் முதல் முதலாக ஒருவன் என் பேரை முழுசாக, வரிசையாக, கோடு இல்லாமல் சொல்லியிருக்கிறான். குடும்பப்பெயர் எங்கே என்று கேட்கவில்லை. அப்பா வந்திருக்கிறாரா என்று கேட்கவில்லை. இவனை அந்தக் கவுண்டரில் உட்கார வைத்தால் என் காரியம் ஐந்து நிமிஷத்தில் முடியும். வேறு எங்கிருந்து கிடைக்கும் இவனுக்கு விவரம்? 2023-ல் 9நியர் என்ற பேரில் ஒருவர் ஐந்தரைக் கோடி தாய்லாந்து மக்களின் விவரம் தன்னிடம் இருக்கிறது என்று மிரட்டினார். கடைசியில் சரணடைந்தவர் ஒரு ராணுவச் சார்ஜண்ட். நான் மாங்கு மாங்கென்று நகலில் நீலக் கோடு கிழிக்கிறேன், திருடிவிடக் கூடாது என்று!

இந்த அழைப்பைப் பற்றிப் புகார் செய்ய 1441 என்று ஒரு எண் இருக்கிறது. இந்த 1441-க்கும் எனக்கும் ஒரு ராசி. வங்கிப் படிவத்தில் பிறந்த வருஷம் புத்த வருஷத்தில் கேட்பார்கள் அல்லவா, நம் வருஷத்தோடு 543-ஐக் கூட்ட வேண்டும். நான் 1984 என்று நம் வழக்கப்படி எழுதினேன். அந்தப் பெண் அதையும் புத்த வருஷமாகவே தட்டிவிட்டார். கழித்துப் பாருங்கள், 1441. அயுத்தியா ராஜ்ஜியத்தில் பிறந்தவன் நான். கிட்டத்தட்ட 584 வயது. இத்தனை வயசுக்கு முகத்தை ஸ்கேன் பண்ணினால் எப்படிப் பொருந்தும்?

ஒருவழியாக மேலாளர் வந்தார். வயதானவர், கண்ணாடியை நெற்றியில் தூக்கி வைத்துக்கொண்டு எல்லாக் காகிதத்தையும் பொறுமையாகப் பார்த்தார். போன் கடைப் பையனை அவரே போனில் பிடித்தார். சிரித்துச் சிரித்து ஏதோ பேசினார்கள். முடிந்தது என்றார். எப்படி முடிந்தது என்று நான் கேட்கவில்லை, கேட்கிற தெம்பும் இல்லை. செயலி திறந்தது. திறந்ததும் ஒரு வரவேற்பு வந்தது பாருங்கள்: "வணக்கம், குன் சுப்பிரமணியன்!" முத்துக்குமரன் என்கிற ஆளையே காணோம். அந்த நடைபாதையில் நின்றுகொண்டு அழாத குறையாகச் சிரித்தேன். அப்பாவுக்குப் போன் போட்டு, உங்களுக்கு பாங்காக்கில் கணக்கு இருக்கிறது, பணம் வேண்டுமானால் சொல்லுங்கள் என்றேன். நீ குடித்திருக்கிறாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அது கிடக்கட்டும். இந்த ஊரில் மனுஷன் குடிக்கிற மாதிரி ஒரு டீ கிடைக்காதா? தலைவலிக்கு ஒரு டீ கேட்டால் ஆரஞ்சுக் கலரில், ஐஸ் போட்டு, ஒரு முழத்துக்கு ஸ்ட்ரா சொருகிக் கொடுக்கிறார்கள். சர்க்கரை வேண்டவே வேண்டாம் என்று தாய் மொழியிலும் ஆங்கிலத்திலும் கையைக் குறுக்கே ஆட்டியும் சொன்னேன். 0 சதவீதம் என்று ஸ்டிக்கரே ஒட்டினாள் அந்தப் பெண். ஒட்டிவிட்டு என் கண் முன்னாலேயே கண்டென்ஸ்டு மில்க் டின்னைக் கவிழ்த்து வழியவிட்டாள். இது என்னம்மா என்றால், "சர்க்கரை போடவில்லையே, இது பால்தானே" என்கிறாள். சிரித்துக்கொண்டே. கும்பிட்டுக்கொண்டே. எப்படிய்யா சண்டை போடுவது இவர்களோடு?