மாண்ட்கோமரியில் வென்றது வண்டிக் கணக்கு

பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க ரோசா பார்க்ஸ் எழ மறுத்தார், கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்தார்கள், மார்ட்டின் லூதர் கிங் வென்று கொடுத்தார் என்று அமெரிக்காவின் அலபாமா மாநில நகரான மாண்ட்கோமரியின் கதையை நாம் சுருக்கிவிடுகிறோம். அந்தப் போராட்டத்தை 381 நாள் தாங்கிய உழைப்பு இதில் காணாமலே போய்விடுகிறது. அது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

1955 டிசம்பர் 1 வியாழன் மாலை பார்க்ஸ் கைது. அன்றிரவே ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன், தான் வேலை பார்த்த கல்லூரியின் நகல் இயந்திரத்தில், புறக்கணிப்புக்கு அழைக்கும் துண்டறிக்கையை ஒரு தாளுக்கு மூன்று பிரதியாக ஓட்டினார். விடிந்ததும் விநியோகம். அவர் தலைமையேற்றிருந்த பெண்கள் அரசியல் மன்றம் 1954 மே மாதமே, புறக்கணிப்பு வரும் என்று மேயருக்கு எழுதி எச்சரித்திருந்தது. பார்க்ஸ் கைதாவதற்கு முன்பே ஆயத்தம் இருந்தது.

பயணிகளில் சுமார் முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர். ஒருநாள் நடந்து போய்விடலாம். அடுத்தடுத்த வாரங்களில்? முதலில் கறுப்பின டாக்சிக்காரர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஏற்றினார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற சட்டத்தைக் காட்டி நகர நிர்வாகம் அதை அடைத்தது. உடனே கிங் லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகருக்கு போன் போட்டார். அங்கே 1953-இல் பாதிரியார் ஜெமிசன் பேருந்துப் புறக்கணிப்பின்போது இலவச கார் சேவை நடத்தியிருந்தார்.

அந்த அனுபவத்தை வைத்து மாண்ட்கோமரியில் சுமார் 300 கார்கள் திரண்டன. காலையில் ஆட்களை ஏற்றிவிட 48 இடங்கள், மாலையில் திரும்ப அழைத்துவர 42 இடங்கள். காலை நிறுத்தங்கள் வீடுகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மாலை நிறுத்தங்களோ வீட்டுவேலைக்குப் போன பெண்கள் இருக்கும் வெள்ளையர் பகுதிகளில். எதிர்த்தரப்பான வெள்ளையர் கவுன்சிலின் கூட்டத்திலேயே இதை ராணுவத் துல்லியம் என்று ஒப்புக்கொண்டதாக கிங் எழுதியிருக்கிறார். படையெடுப்புகள் பல வழங்கல் அறுந்துதான் தோற்றன. இவர்கள் அதை அறுந்துபோக விடவில்லை.

அறுக்கப் பார்க்காமலும் இல்லை. ஓட்டுநர்கள் மேல் போலீஸ் அற்பக் காரணங்களுக்கெல்லாம் அபராதம் போட்டது. தேவாலயங்களின் பெயரில் வாங்கிய ஸ்டேஷன் வேகன்களின் காப்பீட்டை நிறுவனங்கள் ரத்து செய்தன. காப்பீடில்லாத வண்டியைத் தெருவில் இறக்க முடியாது. கடைசியில் அட்லாண்டா முகவர் ஒருவர் மூலம் லண்டன் லாயிட்ஸில் காப்பீடு எடுத்தார்கள். பெட்ரோலுக்கும் பராமரிப்புக்கும் பணம்? பொதுக்கூட்ட உண்டியலோடு, சமையல்காரர் ஜார்ஜியா கில்மோரும் தோழிகளும் சாப்பாடும் கேக்கும் விற்ற காசும் சேர்ந்தது. காசு கொடுப்பவர்களின் பெயர் வெளியே தெரிந்து வேலை போய்விடக் கூடாது என்பதற்காக அந்தக் குழு ‘எங்கிருந்தும் வராத மன்றம்’ என்றே பெயர் வைத்துக்கொண்டது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேருந்தில் நிறப்பிரிவினையைச் சட்டப்படி உடைத்தது பார்க்ஸின் வழக்கு அல்ல. ஆரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், கிளாடெட் கால்வின், மேரி லூயிஸ் ஸ்மித் என்ற நான்கு பெண்கள் 1956 பிப்ரவரியில் தொடுத்த வழக்கு. நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அதே நாளில் உள்ளூர் நீதிமன்றம் கார் சேவைக்குத் தடை போட்டது. உச்ச நீதிமன்ற உத்தரவு ஊர் வந்து சேர்ந்தது டிசம்பர் 20-இல்தான். இடைப்பட்ட ஐந்து வாரமும் அந்தக் கார் சேவை இல்லை. அப்போதும் பேருந்தில் ஏறாமல் நடந்தார்கள். டிசம்பர் 21 காலையில்தான் ஏறினார்கள், விரும்பிய இருக்கையில்.