ஸ்கேனுக்கு முன்னால் பேச்சைக் கேளுங்கள்
எம்.ஆர்.ஐ. வந்த பிறகு நரம்பு நோய்களைக் கண்டுபிடிப்பது சுலபமாகிவிட்டது என்று நான் படித்த ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. என் அம்மாவுக்கு வலது கன்னத்தில் ஷாக் அடித்த மாதிரி வலி. பல் தேய்த்தால், ஒரு வாய் காபி குடித்தால், ஃபேன் காற்று பட்டால்கூட சுரீரென்று இழுக்கும்; சில நொடிதான், ஆனால் பேச்சு பாதியில் நின்றுவிடும். பல்வலி என்று நினைத்து இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார்கள். வலி போகவில்லை. தலைக்கு எடுத்த சாதாரண எம்.ஆர்.ஐ.யிலும் ஒன்றும் இல்லை என்றே வந்தது. கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர் படத்தை ஓரமாக வைத்துவிட்டு அம்மாவைப் பேசவிட்டார். கால் மணி நேரத்தில், முகத்துக்கு உணர்வு தரும் ஐந்தாம் நரம்பிலிருந்து வரும் வலிதான் இது என்று சொல்லிவிட்டார். கார்பமசெபின் மாத்திரையில் வலி அடங்கியது, ஆனால் தலைசுற்றலில் எழுந்து நடக்கவே முடியவில்லை. அப்புறம் அந்த நரம்பைக் குறிவைத்து மெல்லிய அடுக்குகளாகப் படம் எடுத்தபோதுதான், மூளைத்தண்டருகே ஒரு ரத்தக்குழாய் அதை அழுத்துவது தெரிந்தது. அந்த அழுத்தத்தை நீக்க அறுவை சிகிச்சை உண்டு. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், மண்டையைத் திறந்தால் நரம்பை வெட்டிவிடுவார்கள் என்று பயந்து எழுதியிருக்கிறார். இந்த அறுவை சிகிச்சையில் நரம்பை வெட்டுவதில்லை. 1960-களில் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் பீட்டர் ஜனெட்டா நுண்ணோக்கி வைத்து வளர்த்தெடுத்த முறை இது: காதுக்குப் பின்னால் சிறு திறப்பு போட்டு, ரத்தக்குழாயை விலக்கி, அதற்கும் நரம்புக்கும் நடுவில் டெஃப்லான் பஞ்சு வைப்பார்கள். அந்தப் பக்கக் காது கேட்காமல் போகும் அபாயம் உண்டு. அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டோம். மயக்கம் தெளிந்ததும் அம்மா ஒரு விரலால் கன்னத்தை மெல்லத் தொட்டார், அப்புறம் உள்ளங்கையை முழுசாக வைத்துப் பார்த்தார்.