மெசேஜ் வந்துச்சு, சரி. நான் என்ன செய்யணும்?

மழைக்காலம் வந்தாப் போதும், ஃபோன் மாவட்டப் பேரெல்லாம் ஒப்பிக்க ஆரம்பிச்சிடும். சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர்னு மூச்சு விடாம ஒரு பட்டியல். அப்புறம் ‘ஓரிரு இடங்களில்’. அப்புறம் ‘இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை’. முடிவுல, ‘பொதுமக்கள் எச்சரிக்கையாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’. எந்த ஓரிரு இடம்யா அது? எங்க தெருவா, இல்ல அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மலையடிவாரமா? எச்சரிக்கையா இருக்கிறதுன்னா எப்படி? வாசல்ல நாற்காலி போட்டு வானத்தையே பார்த்துட்டு உட்காரணுமா?

இன்னொரு கூத்து, ‘அடுத்த 3 மணி நேரத்தில்’. எப்போல இருந்து அடுத்த மூணு மணி நேரம்? அனுப்பின நேரம் மெசேஜ்ல இல்ல. ஃபோன் காட்டுறது எனக்கு வந்து சேர்ந்த நேரம். எஸ்எம்எஸ் ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனியா வரிசையில நின்னு வர்ற சமாச்சாரம். லட்சக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்துல அனுப்பினா வரிசை நீளும். மழை பெய்ஞ்சு, தெரு நனைஞ்சு, துணியெல்லாம் ஈரமாகி, நான் அதைப் பிழிஞ்சுட்டு இருக்கும்போது ‘அடுத்த 3 மணி நேரத்தில்’னு வருது. கோபம் வருமா வராதா?

வானிலை ஆய்வு மையத்தைத் திட்டுறதுக்காக இதை எழுதல. கணிப்பு தப்பும், அது விஞ்ஞானம், தப்பத்தான் செய்யும். நான் கேட்கிறது கணிப்பைப் பத்தி இல்ல, அதை என் கைக்குக் கொண்டுவர்ற அந்த நாலு வரியைப் பத்தி. அந்த நாலு வரியை எழுதுறவர் மனசுல நான் இல்ல. அவர் மனசுல ஒரு ஃபைல் இருக்கு. நாளைக்கு யாராவது கேட்டா ‘இதோ பாருங்க, அனுப்பிட்டோம்’னு எடுத்துக் காட்டுறதுக்கான ஃபைல்.

ஓவரா பேசுறேன்னு நினைச்சா 2023 டிசம்பரை ஞாபகப்படுத்திக்கங்க. 17, 18 தேதிகள்ல தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்கள் மூழ்குச்சு. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்துல திருச்செந்தூர் ரயில் நூத்துக்கணக்கான பயணிகளோட நடுவெள்ளத்துல நின்னுச்சு. தண்ணி வடியறதுக்குள்ள என்ன சண்டை நடந்துச்சு? மத்திய நிதியமைச்சர், 12ஆம் தேதியே எச்சரிச்சாச்சுன்னார். மாநில அரசு, சரியான நேரத்துல சரியான எச்சரிக்கை வரலன்னுச்சு. ரெண்டு தரப்பும் எச்சரிக்கையை எதுக்குக் கையில எடுத்துச்சு? சாட்சிக்கு. ஏரல்ல மாடியில நின்னுட்டு இருந்தவருக்கு அதுல ஒரு வரியாவது உதவுச்சான்னு யாரும் கேட்கல.

அந்த எச்சரிக்கையோட அளவுகோலைப் பாருங்க. 24 மணி நேரத்துல 6.45 சென்டிமீட்டர் தொட்டா கனமழை. 11.56 தொட்டா மிக கனமழை. 20.45 தொட்டா அதி கனமழை. அதோட ஏணி முடிஞ்சுது. 21 சென்டிமீட்டரும் அதி கனமழைதான், காயல்பட்டினத்தோட 95ம் அதி கனமழைதான். ஒண்ணுல வாசல்ல தண்ணி நிக்கும், இன்னொண்ணுல ஊரே நிக்காது. ரெண்டுக்கும் ஒரே வார்த்தை, ஒரே சிவப்பு. அந்த ‘ஓரிரு இடங்களில்’ கூட சும்மா வாய்க்கு வந்ததில்ல. ஒரு பகுதியில இருக்கிற மழைமானி நிலையங்கள்ல கால்வாசி, இல்ல அதுக்கும் கீழன்னு அதுக்குக் கணக்கு இருக்கு. அவங்களுக்குள்ள பேசிக்க அருமையான சொல். எங்க பெரியம்மாகிட்ட மழைமானி இல்லையே.

அடுத்தது கலர். மஞ்சள்னா கவனிச்சுட்டு இரு, ஆரஞ்சுன்னா தயாரா இரு, சிவப்புன்னா நடவடிக்கை எடு. யார் எடுக்கணும்? ரெட் அலர்ட் விட்ட மறுநிமிஷமே டிவியில ஒரு விளக்கம் வரும்: இது நிர்வாகத்துக்கான எச்சரிக்கை, மக்கள் பதற வேண்டாம். எனக்கு இல்லாத எச்சரிக்கையை என் ஃபோனுக்கு எதுக்கு அனுப்புறீங்க? 2024 அக்டோபர்ல சென்னைக்கு ரெட் அலர்ட் விட்டப்போ மக்களே ஒரு நடவடிக்கையைக் கண்டுபிடிச்சாங்க. காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்து மேல வரிசையா நிறுத்தினாங்க. அபராதம் போடுறாங்கன்னு ஒரு பேச்சு, போடலன்னு ஒரு மறுப்பு. மழை ஏமாத்திட்டுப் போனதும் கேலி வேற. நான் கேலி பண்ண மாட்டேன். ‘நடவடிக்கை எடு’ன்னு சொல்லிட்டு என்னன்னு சொல்லாம விட்டா, அவனவன் அனுபவத்துல இருக்கிற நடவடிக்கையைத்தான் எடுப்பான். 2015ல காரைத் தண்ணியில விட்டவனுக்கு மேம்பாலம்தான் ஞாபகம் வரும்.

வியாதிப் பேரைக் கொட்டை எழுத்துல எழுதிட்டு மாத்திரை பேரை எழுதாம சீட்டைக் கையில கொடுக்கிற டாக்டர் மாதிரி இருக்கு இந்த மெசேஜ்.

நம்ம ஊர்ல டெக்னாலஜி இல்லையான்னு கேட்டா, பேஷா இருக்கு. காமன் அலர்ட்டிங் புரோட்டோகால், சுருக்கமா கேப்னு ஒரு சர்வதேச வடிவம். இப்போ புழக்கத்துல இருக்கிற 1.2 பதிப்பு 2010லயே வந்தாச்சு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தோட ‘சசேத்’ தளமும் இதை வெச்சுத்தான் ஓடுது. கட்டம் கட்டமா நிரப்புற படிவம்னு வெச்சுக்கங்க. எவ்வளவு அவசரம், எவ்வளவு கடுமை, எவ்வளவு உறுதி, மூணுக்கும் தனித்தனிக் கட்டம். எப்போ ஆரம்பிக்கும், எப்போ காலாவதியாகும், அதுக்கும் கட்டம். வரைபடத்துல கோடு போட்டு ‘இந்தப் பகுதிக்கு மட்டும்’னு காட்டலாம். ஒரே எச்சரிக்கைக்குள்ள தமிழுக்கு ஒரு பகுதி, இங்கிலீஷுக்கு ஒரு பகுதின்னு வைக்கலாம். ‘மக்கள் என்ன செய்யணும்’னும் ஒரு கட்டம் இருக்கு.

அந்தக் கட்டம் கட்டாயம் இல்ல! அவசரம், கடுமை, உறுதி மூணையும் நிரப்பித்தான் ஆகணும். என்ன செய்யணுங்கிறதையும், எப்போ முடியுங்கிறதையும் காலியா விட்டாலும் விதிப்படி அது முழுமையான எச்சரிக்கை. உலகத்துக்கே பொதுவா வகுத்தவங்க ஏதோ காரணத்தோட அப்படி விட்டிருப்பாங்க, இருக்கட்டும். அது அவங்க வெச்ச குறைந்தபட்சம். நம்ம மாநிலத்துல அந்த ரெண்டு கட்டத்தையும் நிரப்பாம அனுப்பு பட்டனே வேலை செய்யாதுன்னு மென்பொருள்ல ஒரு பூட்டு போட எவ்வளவு நேரம் ஆகும்?

இதுல தமிழுக்குன்னு ஒரு தனிக் கஷ்டம் இருக்கு, யாரும் வெளிய சொல்றதில்ல. ஒரு எஸ்எம்எஸ்ல இங்கிலீஷ் எழுத்து 160 போகும். தமிழ்ல எழுதினா 70 தான். அந்த 70ம் நாம எண்ற எழுத்து இல்ல. ‘திருநெல்வேலி’ நமக்கு ஆறு எழுத்து. ஃபோன் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியா எண்ணி 12ங்கும். தூத்துக்குடியும் அப்படித்தான், ஆறு எழுத்துக்கு 12. இப்போ பத்து மாவட்டப் பேரை அடுக்கினா என்ன மிஞ்சும்? இடம் இவ்வளவு பஞ்சமா இருக்கும்போது ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’னு ஒரு ரயிலை ஓட்டுறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு ரத்தம் கொதிக்குது. ‘வெளியே வராதீங்க’ன்னா முடிஞ்சுபோச்சு. மரியாதை குறைஞ்சுடுமா?

2023ல டவர்ல இருந்து எல்லா ஃபோனுக்கும் ஒரே நேரத்துல ரேடியோ மாதிரி போற செல் பிராட்காஸ்ட்டைச் சோதனை பண்ணாங்க. தூக்கிவாரிப் போடுற சத்தம், திரை முழுக்க மெசேஜ். இது சோதனை, கண்டுக்காதீங்க, நீங்க எதுவும் செய்ய வேண்டாம்னு அதுல இருந்துச்சு. சிரிக்காதீங்க, தேறின மெசேஜ் அது. நான் செய்ய வேண்டியது என்னன்னு அதுல தெளிவா இருந்துச்சு: ஒண்ணும் இல்ல.

வேகமான வழி இருந்தாலே எல்லாம் சரியாயிடும்னும் நம்பிடாதீங்க. ஸ்பெயின்ல வலென்சியா, 2024 அக்டோபர் 29. அந்த நாட்டு வானிலை நிறுவனம் காலை ஏழரை மணி வாக்குலயே சிவப்பு எச்சரிக்கை விட்டாச்சு. மாகாணத்துல எல்லார் ஃபோனும் அலறினது ராத்திரி 8:11க்கு. அதுக்குள்ள பல ஊர்ல தண்ணி ஆளை இழுத்துட்டுப் போயிடுச்சு. 200 பேருக்கு மேல செத்தாங்க. அவ்வளவு தாமதமா வந்த மெசேஜ் சொன்னது, மாகாணத்துல எங்கேயும் பயணம் பண்ணாதீங்கன்னு. காரை வெளிய எடுக்கத் தரைக்குக் கீழ இருக்கிற பார்க்கிங்ல இறங்கினவனுக்குத் தேவைப்பட்டது ‘மேல ஏறு’ங்கிற ரெண்டு சொல். பணக்கார நாடு, நவீனத் தொழில்நுட்பம், என்ன பிரயோஜனம்?

ஜப்பான்காரன் வேற மாதிரி பண்ணான். அங்க ‘வெளியேறுவது நல்லது’ன்னு ஒரு அறிவிப்பு, ‘வெளியேறு’ன்னு இன்னொரு அறிவிப்பு, ரெண்டும் ஒரே நாலாம் நிலையில இருந்துச்சு. ஜனங்க குழம்பினாங்க, முதல் அறிவிப்புக்குக் கிளம்பாம ரெண்டாவதுக்காகக் காத்திருந்தாங்க. 2021 மே மாசம் சட்டத்தையே திருத்தி முதல் அறிவிப்பைத் தூக்கிட்டாங்க. இப்போ நாலாம் நிலைன்னா ஆபத்தான இடத்துல இருக்கிற எல்லாரும் கிளம்பணும், அவ்வளவுதான்.

நம்மகிட்ட இன்னும் துறைமுகக் கூண்டு இருக்கு. ‘மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்’னு டிவியில ஓடும். அது 1ல இருந்து 11 வரைக்கும், கப்பல்காரங்களுக்காக வெச்சது. கப்பல் மாலுமிக்கு மூணுன்னா என்ன செய்யணும்னு தெரியும், அந்த வகையில அது ஒழுங்கான எச்சரிக்கை. அதைத் தூக்கி எட்டு மணிச் செய்தியில எனக்குப் படிச்சுக் காட்டினா நான் என்ன பண்றது, நங்கூரம் போடட்டுமா? (11ஆம் எண் என்ன தெரியுமா? வானிலை மையத்தோட தொடர்பே அறுந்துபோச்சு, நிலைமை மோசம்னு அர்த்தம். எனக்கு அது ஒண்ணுதான் புரிஞ்ச எண்.)

எனக்கு ஆறவே ஆறாதது சாத்தனூர். 2024ல ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, புயல் போயிடுச்சுன்னு எல்லாரும் மூச்சு விட்ட நேரம். டிசம்பர் 2 விடியறதுக்கு முன்ன அணையில இருந்து தென்பெண்ணையில வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி. திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர்னு கரையோர ஊரெல்லாம் தூக்கத்துல மாட்டுச்சு. அரசு, ஐந்து தடவை எச்சரிச்சுட்டுத்தான் திறந்தோம்னுச்சு. எதிர்க்கட்சி, சொல்லாம கொள்ளாம நடுராத்திரியில திறந்தாங்கன்னுச்சு. நான் ஐந்து தடவை சொன்னதாவே நம்புறேன். கேள்வி அதில்ல. ‘இத்தனை ஆயிரம் கன அடி திறக்கப்படும்’னு சொன்னா, திருக்கோவிலூர்ப் பக்கம் ஆத்தோரம் இருக்கிற எங்க பெரியம்மாவுக்கு என்ன புரியும்? இருபதாயிரத்துக்கும் ஒண்ணே முக்கால் லட்சத்துக்கும் அவங்க வீட்டுப் படியில என்ன வித்தியாசம்? அவங்க ஃபோன்ல என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, மாட்டை அவுத்து விட்டுடட்டுமா?” எந்த எச்சரிக்கையிலயும் அதுக்குப் பதில் இல்ல.

அணையில இவ்வளவு திறந்தா எந்த ஊருக்கு எத்தனை மணி நேரத்துல எவ்வளவு உயரம் வரும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்க முடியும். வெள்ளம் போற வழி நேத்து முளைச்சதில்ல. கன அடியைத் தெருவாவும் முழங்காலாவும் மாத்துறது பொறியாளர் வேலை, அதைப் பெரியம்மா தலையில கட்டுறீங்க.

டென்னிஸ் மிலெட்டி, ஜான் சோரன்சன்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1990லயே எழுதிட்டாங்க, எச்சரிக்கையில அஞ்சு விஷயம் இருக்கணும்னு. யார் சொல்றாங்க, என்ன ஆபத்து, எங்க, எப்போ, என்ன செய்யணும். இதைப் படிச்சப்போ எனக்கு ஒண்ணு உறைச்சுது. தமிழ்நாட்டுல இந்த அஞ்சும் உள்ள ஒரே ஒரு மழை அறிவிப்பு இருக்கு. ‘கனமழை காரணமாக இன்று கடலூர் மாவட்டத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை: மாவட்ட ஆட்சியர்.’ ஆபத்து இருக்கு, நாள் இருக்கு, இடம் இருக்கு, என்ன செய்யணுங்கிறது இருக்கு, சொல்றவர் இருக்கார். பள்ளிக்கு மட்டுமா கல்லூரிக்கும் சேர்த்தாங்கிற பிரிவுகூட இருக்கும். காலையில ஆறு மணிக்கு மாநிலமே எழுந்து உட்கார்ந்து தேடுற வானிலை மெசேஜ் அது ஒண்ணுதான். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும், மீறினவன் கிடையாது. அதே ஆட்சியர் அலுவலகத்துல இருந்து அதே நாள் வர்ற வெள்ள எச்சரிக்கை மட்டும் ஏன் அப்படி இருக்க மாட்டேங்குது?

என்னைக் கேட்டா இப்படிப் போடுங்க: ‘தென்பெண்ணை வெள்ளம். காலை 6க்குள் ஆற்றுத்தெருவில் இடுப்பளவு தண்ணி. இப்பவே மேட்டுத்தெரு பள்ளிக்குப் போங்க. மாட்டை அவுத்து விடுங்க. நாளை மதியம் வரை திரும்பாதீங்க. ஆட்சியர்.’ ஊர் பேரையும் நேரத்தையும் மட்டும் மாத்தணும். ஒரு எஸ்எம்எஸ்ல அடங்காது, மூணு துண்டு ஆகட்டுமே. தண்ணி இறங்கினதும் ‘வெள்ளம் வடிந்தது, வீட்டுக்குப் போகலாம்’னு இன்னொண்ணு அனுப்புங்க. கேப்ல ‘ஆல் கிளியர்’னு அதுக்கும் இடம் இருக்கு, ஆனா என் ஃபோனுக்கு அப்படி ஒரு மெசேஜ் வந்ததே இல்ல. ஆபத்து தீர்ந்ததுக்கு ஃபைல்ல சாட்சி தேவைப்படாது போல.

சும்மா ‘ஓரிரு இடங்களில்’னு அடிச்சுட்டே இருந்தா என்ன ஆகும்னு எங்க அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல பார்த்துட்டேன். போன மழைக்கு ஒருத்தர், இந்த அலர்ட் சத்தத்தை எப்படி சார் ஆஃப் பண்றதுன்னு கேட்டார். தண்ணி லாரி எப்போ வரும்னு கேட்டா வாய் திறக்காத குரூப். இதுக்கு மட்டும் ஆளாளுக்கு ஸ்கிரீன்ஷாட்ல அம்புக்குறி போட்டு வழி சொன்னாங்க, ‘ரொம்ப தேங்க்ஸ், நானும் பண்ணிட்டேன்’னு கட்டைவிரலா வந்து குவிஞ்சுது.