போர்வையை வச்சு உலகத்தை அளக்கலாமா அண்ணே?

மேலே ஒரு அண்ணன், "டிசம்பர்ல சுங்கை சிப்புட்ல போர்வை இல்லாம படுக்க முடியல, உலகம் குளிருதுய்யா"ன்னு எழுதியிருக்காரு. நானும் மலேசியாவுல இருக்கிற இந்த ஊர்தான் அண்ணே. அது மழைக்காலம். பத்து நாள் வெயில் தலைகாட்டலன்னா குளிரத்தான் செய்யும்.

1991-ல பிலிப்பைன்ஸ்ல பினாத்துபோ எரிமலை வெடிச்சப்ப, கந்தகத் துகள் வெயிலை மறைச்சு உலகமே ஏறக்குறைய அரை டிகிரி குளிர்ந்தது உண்மை. ரெண்டு மூணு வருஷம்தான், அப்புறம் சூடு பழையபடி ஏறிடுச்சு. 1998 ஏப்ரல்ல நம்ம பெர்லிஸ் சுப்பிங்ல 40.1 டிகிரி. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகிற எல் நினோ நேரம் அது, அதை மட்டும் வச்சுப் பேசினா நானும் உங்களை மாதிரிதான். ஆனா உலக அளவுல பதிவானதிலேயே சூடான வருஷம் 2024. 1958-ல ஹவாயில அளக்க ஆரம்பிச்சப்ப காத்துல பத்து லட்சத்துக்கு 315 பங்கு இருந்த, சூட்டைப் பிடிச்சு வைக்கிற கரியமிலவாயு, இப்ப 420-ஐத் தாண்டிடுச்சு.

எங்கம்மா பால்மரம் வெட்டினவங்க, அதாவது ரப்பர் மரப்பட்டையில கீறிப் பால் எடுத்தவங்க. விடியறதுக்குள்ள கோடு போட்டாத்தான் மங்குல, அதான் மரத்துல கட்டுற கிண்ணத்துல, பால் நல்லா இறங்கும், வெயில் ஏறினா நின்னுடும். சட்டைக்கு மேல சட்டை போட்டுக்கிட்டுத்தான் பெரட்டுக்கு, அதான் காலையில ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போவாங்க. இப்ப அதே தோட்டத்துல எண்ணெய் எடுக்கிற செம்பனை. மரத்தை அழிச்சதாலதான் இங்க சூடும்பீங்க, அதுவும் ஒரு காரணம், சரி. நடுக்கடல்ல எந்த மரத்தை வெட்டினாங்க? அங்கேயும்தானே சூடு ஏறுது?